நாக்கின் நிறம்

சிரிப்பு உதட்டில் இல்லை. கண்ணுக்குக் கீழே விழுகிற அந்த ஒற்றை மடிப்பில் இருக்கிறது. அது விழாத முகத்தை என்ன பாடுபடுத்தினாலும் சிரிக்க வைக்க முடியாது. சிரித்த மாதிரி ஆக்கலாம், அவ்வளவுதான். அதற்குத்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படித் தனக்குள் ஓட்டிக்கொண்டே அவள் திரையில் தெரிந்த குழந்தையின் நெற்றியிலிருந்து வேர்வைப் பளபளப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் துணி இல்லை, மௌஸ்தான். ஆனாலும் அந்த வேலைக்கு அவள் வைத்திருந்த பெயர் துடைப்பது. பரு துடைப்பாள், தழும்பு துடைப்பாள், அழுது சிவந்த கண்ணைத் துடைப்பாள். மணமகனுக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற சித்தப்பாவை ஒருமுறை ஆளோடு துடைத்திருக்கிறாள்.

கணவன் படம் எடுப்பவன். எடுத்த படத்தைத் திருத்துவது அவள். முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பேச்சில் மயக்கி உள்ளே அனுப்புவது கணவனின் தங்கை. சின்ன வயதில் அவளுக்கு வாலு என்று வைத்த பெயர், வயது வந்த பிறகும் உதிராமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று பேரும் சேர்ந்தால்தான் அந்த ஸ்டூடியோ ஓடும். நான்காவதாக இன்னொருவன் இருந்தான். அவன் இப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

கம்பளி.

பனிதேசத்து நாய். வெள்ளையும் சாம்பலுமாக, உள்ளே பஞ்சு மாதிரி ஒரு முடி, வெளியே நீளமாக இன்னொரு முடி என்று இரட்டை அடுக்கு. குட்டியாக வந்த அன்று வாலு அவனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது நாயா, நூல்கண்டா? வெயில் காலத்துல இவனப் பாத்தாலே நமக்கு வேர்க்கும் போல இருக்கே!" என்றாள். அன்றைக்கே பெயர் விழுந்தது. கணவன் அவனைக் கொண்டுவந்தது தொழிலுக்காக. விளக்கைப் பார்த்து அலறுகிற குழந்தைகள் கம்பளியைப் பார்த்ததும் வாயை மூடிவிடும். நாய் வேஷம் போட்டால் குரைக்க வேண்டும் என்பார்கள். இவன் நாயாகவே பிறந்தும் குரைக்காமல் வேலை பார்த்தான். கேமரா உயர்ந்தால் தலையை உயர்த்துவான். "சிரிடா கம்பளி" என்றால் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டுவான். ஒரு பிஸ்கட் கிடைக்கும்.

அதனால் ஸ்டூடியோவும் குடித்தனமும் ஒன்றாயிருந்த அந்த வீட்டில் அவன் மூச்சு வாங்குவதற்கே சிரிப்பு என்று பெயர் வந்துவிட்டது. மாடிப்படி ஏறி வந்தால், "ரொம்பச் சிரிக்கிறான், தண்ணி வை" என்பார்கள். வெயிலில் நடந்து வந்தால், "இன்னைக்கு என்ன இவ்வளவு சிரிப்பு?" என்பார்கள். யாரும் அந்தச் சொல்லை நின்று யோசித்ததில்லை. வீட்டில் புழங்கும் சொற்களை யார் யோசிக்கிறார்கள்?

வேலை இல்லாத நேரத்தில் அவன் இருப்பது அவளுடைய மேசைக்கு அடியில். அவளுடைய பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு தூங்குவான். ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் முகங்களோடு முகங்களாக நாள் முழுவதும் பேசாமல் இருக்கிறவளுக்கு, அந்தக் கனம் ஒரு பேச்சுத்துணை மாதிரி. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வாலு அதையும் ஒரு ஜோக் ஆக்கிவிடுவாள்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு வயதுக் குழந்தை ஒன்றும் அதன் அம்மாவும். பிறந்தநாள் படம். குழந்தையின் அம்மா பனி கேட்டிருந்தாள்.

"பனியா? இந்த வெயில்லயா?" என்று வாலு சிரித்தாள்.

"அதான்க்கா அழகே. அடிக்கிற வெயில்ல எல்லாரும் போட்டோவப் பாத்து ஜில்லுனு ஆகணும். உங்ககிட்ட பனி நாய் வேற இருக்கே!"

தளத்தில் வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டி, தரையில் இன்னொன்றை விரித்து, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தரை முழுக்கப் பரப்பி, மேலே மினுக்குத்தூள் தூவிப் பனியாக்கினான் கணவன். நன்றாகத்தான் வந்தது. ஒரே ஒரு தொல்லை: மின்விசிறியைப் போட்டால் பனி பறந்தது. ஏசியைப் போட்டாலும் ஓரத்துப் பஞ்சு எழுந்து குழந்தையின் மூக்குக்குப் போனது. இரண்டையும் நிறுத்தினார்கள். கறுப்புத் திரைகளை இழுத்து மூடினார்கள். பெரிய விளக்குகளை எரியவிட்டார்கள். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டார்கள். கம்பளியின் கழுத்தில் சிவப்பு மப்ளர் ஒன்றைச் சுற்றினார்கள்.

நான்கு படத்துக்கு ஒருமுறை குழந்தையின் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி, அட்டையால் விசிறி, தண்ணீர் புகட்டிவிட்டு மறுபடி மாட்டினாள். பஞ்சு கலைந்துவிடும் என்பதால் கம்பளியை அசையாமல் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவன் அசையவில்லை. பனி நாய்க்கு யார் விசிறுவார்கள்?

இதெல்லாம் அவளுக்குக் காதில்தான் விழுந்தது. கேமராவிலிருந்து வரும் கம்பி அவளுடைய கணினியில் முடிந்தது. அங்கே கிளிக் என்றால் இங்கே திரையில் படம் விழும். அவளுடைய அறையில் கணினிக்காக ஏசி ஓடியது. குளிரில் உட்கார்ந்துகொண்டு அவள் பனியைப் பார்த்தாள். பார்க்கும்போது உண்மையிலேயே ஜில்லென்று இருந்தது.

"சிரிக்கிறான் பாரு! சூப்பர்டா கம்பளி! அப்படியே, அப்படியே!" தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவனின் குரல்.

படம் விழுந்தது. கம்பளியின் வாய் காதுவரை கிழிந்திருந்தது. இவ்வளவு பெரிய சிரிப்பை அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாக்கு மட்டும் கொஞ்சம் அடர்சிவப்பாகத் தெரிந்தது. மப்ளரின் சிவப்பு அடிக்கிறது என்று நினைத்து, சிவப்பைக் கொஞ்சம் குறைத்தாள். நாக்கு அழகான ரோஸ் ஆனது.

அடுத்த படத்தில் மறுபடியும் நாக்கு கறுத்திருந்தது. மறுபடியும் குறைத்தாள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இந்த விளக்கு சூடேறச் சூடேற நிறம் மாறும், பழைய சனியன், என்று திட்டிக்கொண்டே, இனி வருகிற எந்தப் படத்திலும் சிவப்பைத் தணித்தே காட்டு என்று கணினிக்குச் சொல்லி வைத்தாள். நேரம் மிச்சம். அதன்பிறகு வந்த படங்களில் எல்லாம் கம்பளியின் நாக்கு சாக்லேட் டப்பாவில் அச்சடித்த மாதிரி ரோஸாகவே இருந்தது.

வாயின் ஓரத்திலிருந்து கெட்டியாக ஒரு எச்சில் கயிறு தொங்கியது. அதைத் துடைத்தாள். அடுத்த படத்தில் இரண்டு கயிறு. துடைத்தாள்.

பிறகு, பழக்கத்தில், கண்ணைப் பார்த்தாள்.

கண்ணுக்குக் கீழே மடிப்பு விழவில்லை. நாய்க்கு விழுமா, விழாதா? அவளுக்குத் தெரியாது. ஆனால் கம்பளியின் கண்ணை அவளுக்குத் தெரியும். பிஸ்கட் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையையே பார்க்கிற கண். இந்தப் படத்தில் பிஸ்கட் இருந்த கை இடது ஓரத்தில் தெரிந்தது. கம்பளியின் கண் அங்கே இல்லை. எங்கேயும் இல்லை. கண்ணாடிக் குண்டு மாதிரி திறந்தபடி இருந்தது.

நிறத்தில் சந்தேகம் வந்தால் வெள்ளையைப் பார் என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். வெள்ளை வெள்ளையாக இருந்தால் விளக்கில் கோளாறு இல்லை. அவள் தான் போட்டு வைத்திருந்த திருத்தத்தை நீக்கினாள்.

பஞ்சு தூய வெள்ளையாக இருந்தது. குழந்தையின் உதடு குழந்தையின் உதட்டு நிறத்தில் இருந்தது. மப்ளர் மப்ளரின் சிவப்பில் இருந்தது. கம்பளியின் நாக்கு மட்டும் பீட்ரூட்டை வெட்டிவைத்த மாதிரி, நுனி அகன்று, வாய்க்கு வெளியே ஒரு பக்கமாகத் தொங்கியது.

விளக்கு பொய் சொல்லவில்லை. நான்தான்.

நாற்காலி பின்னால் விழுகிற சத்தத்தைக் கேட்டபடியே அவள் கறுப்புத் திரையை விலக்கினாள். உள்ளேயிருந்து வந்த சூடு ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது.

"நிறுத்துங்க."

"இரு, ஒண்ணே ஒண்ணு. இப்பதான் செட் ஆகியிருக்கான்," என்றான் கணவன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விளக்க அணைங்க! அவன் சிரிக்கலை!"

அவளுடைய குரலைக் கேட்டதும் கம்பளி எழுந்துவர முயன்றான். முன்கால்கள் எழுந்தன; பின்கால்கள் வரவில்லை. குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து பஞ்சுக்குள் விழுந்தான். பஞ்சு எழுந்து பறந்து மெதுவாக அவன்மேல் இறங்கியது.

"அச்சச்சோ, தூங்கிருச்சா?" என்றாள் குழந்தையின் அம்மா.

அவள் ஓடிப்போய் மப்ளரை உருவினாள். காதைத் தொட்டாள், தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு காய்ந்து பசை மாதிரி ஒட்டியது. கணவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"தூக்குங்க! துணியோட தூக்குங்க!"

பனிக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைத் திரையின் நான்கு முனைகளையும் பிடித்தார்கள். கணவன் ஒரு முனை, அவள் ஒரு முனை, ஓடிவந்த வாலு ஒரு முனை. நான்காவது முனையைப் பிடித்தது குழந்தையின் அம்மா, இடுப்பில் குழந்தையோடு, ஒற்றைக் கையால். கொழுத்த நாய். பின்புறம் நிழலும் குழாயும் இருக்கிற சிமென்ட் தளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டியது.

கணவன் குழாயைத் திறந்து அடுத்த கணமே கையை உதறினான். "ஐயோ, கொதிக்குது!" நாள் முழுக்க வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர்.

"உள்ள வாளியில பிடிச்சு வெச்சிருக்கேன், அதக் கொண்டாங்க. வாலு, டாக்டருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

வாலு போனைத் தரையில் வைத்தாள். கம்பளிக்கு வழக்கமாக ஊசி போடுகிற பெண் டாக்டரின் குரல், ஏதோ பூனை கத்துகிற சத்தத்துக்கு நடுவே கேட்டது.

"சொல்லுங்க. யாரு, கம்பளி வீடா?"

"டாக்டர், சூட்டுல விழுந்துட்டான். மூச்சு இரைக்குது. நாக்கு ஒரே கறுஞ்சிவப்பா இருக்கு. நிக்க முடியலை."

"எங்க வெச்சிருக்கீங்க? நிழல்லயா? சரி. தண்ணி இருக்கா? ஊத்துங்க. ஊத்திக்கிட்டே இருங்க. அப்புறம் கெளம்பலாம், மொதல்ல சூடு எறங்கணும்."

வாலு உள்ளே ஓடி ஐஸ் தட்டோடு வந்தாள். "டாக்டர், ஐஸ் வைக்கட்டா?"

"கட்டிய எடுத்து மேல வெச்சு அழுத்தாதீங்க. சாதாத் தண்ணி போதும். அவன் ஒடம்பு சூட்டுக்கு அதுவே ஐஸ்தான்."

ஐஸை வாளியில் கொட்டிவிட்டு வாலு வாளியைத் தள்ளினாள். கணவன் சொம்பு சொம்பாக ஊற்றினான். தண்ணீர் ஓட்டு வீட்டின்மேல் பெய்த மழை மாதிரி வழிந்தோடியது. அவள் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே காய்ந்த பஞ்சு.

"டாக்டர், உள்ள போகலை. முடி தடுக்குது."

"தடுக்கத்தான் செய்யும். அது ரெயின்கோட் மாதிரி. கையால முடியப் பிரிச்சுப் பிரிச்சுத் தோல்ல படற மாதிரி ஊத்துங்க. வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம்... அங்கதான் முடி கம்மி. அங்க ஊத்துங்க."

கணவன் வெள்ளைத் திரையை நனைத்துக் கம்பளிமேல் போர்த்தப் போனான்.

"என்னமோ துணிச் சத்தம் கேக்குதே? மூடாதீங்க! ஈரத்துணி போட்டா அதுவே வேகவைக்கும். காத்து படணும், காத்து. ஃபேன் இருக்கா?"

"இருக்கு! கூந்தல் ஃபேன்!" என்று கத்திக்கொண்டே கணவன் ஓடினான். மணப்பெண்களின் கூந்தலைப் பறக்கவிட்டுப் படம் எடுக்க அவன் வைத்திருக்கிற ராட்சத விசிறி அது. கம்பி நீளாமல் கதவோரமே நிறுத்தி, முழு வேகத்தில் திருப்பினான். வாலுவின் தலைமுடி பறந்தது, குழந்தையின் தொப்பி பறந்தது, பஞ்சும் மினுக்குத்தூளும் பறந்தன. குழந்தைக்குப் பிரமாதமாக இருந்தது. அது கை கொட்டிச் சிரித்தது. அந்த நேரத்தில் அங்கே சிரித்த ஒரே ஆள் அது.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்து முடியைப் பிரித்தாள். வாலு ஊற்றினாள். அவள் பிரித்தாள். எத்தனை முகங்களின் எத்தனை வேர்வையைத் துடைத்த விரல்கள். வேர்க்கவே தெரியாத ஒருவன் காலடியிலேயே கிடந்தான், அவனைப் படித்ததில்லை. கம்பளியின் வயிற்றுத் தோல் முதலில் அடுப்பாக இருந்தது. பிறகு வெந்நீர்ப் பை மாதிரி ஆனது.

"வாயில தண்ணி ஊத்தட்டா டாக்டர்?" என்று கணவன் கேட்டான்.

"ஊத்தாதீங்க, பொரை ஏறிடும். கிண்ணத்துல பக்கத்துல வைங்க, அவனே நக்கினா நக்கட்டும். கொஞ்சம் தலையத் தூக்கறானா?"

கம்பளி தலையைத் தூக்கவில்லை. ஆனால் வால் நுனி ஈரச் சிமென்டில் ஒருமுறை தட்டியது. ஒரே ஒருமுறை.

"வால் ஆடுது!" என்றாள் வாலு. உடனே அழுதாள்.

"சரி, இப்ப கெளம்புங்க. தொடைக்காதீங்க, ஈரத்தோடயே கொண்டாங்க. கண்ணாடிய எறக்கி விடுங்க."

கல்யாண வேலைக்குச் சாமான் ஏற்றுகிற வேனில் கம்பளியைப் போட்டார்கள். கணவன் ஓட்டினான். அவள் பின்னால் தரையில் உட்கார்ந்து அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொள்ளப் போய், பிறகு மடியும் சூடுதானே என்று தோன்றி, பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து வயிற்றில் தண்ணீரைத் தெளித்தபடி வந்தாள். அணைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் இப்போதைக்கு அன்பு என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சும் ரம்பம் மாதிரி போய் வந்தது. அது நிற்கக் கூடாது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ போய்விட்டால் என் காலை யார் அழுத்துவார்கள்? எவ்வளவு சுயநலமான பிரார்த்தனை என்று அதையும் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன உருவம், பெரிய குரல். பின்பக்கம் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "நாப்பத்தொண்ணு டிகிரி தாண்டி நிக்குது. முப்பத்தொம்பதுக்குப் பக்கத்துல இருக்கணும். வழியிலயே எறங்கியிருக்கு, இல்லன்னா இதுக்கும் மேல இருந்திருக்கும்," என்றாள். முன்காலில் ஒரு இடத்தில் முடியை மழித்து ஊசியை ஏற்றினாள். ரத்தம் எடுத்தாள். விசிறியைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சூடு பார்த்து, "போதும், இனிமே தண்ணி வேணாம். ரொம்ப எறங்கினாலும் வம்பு. தொடைச்சு விடுங்க," என்று துண்டை அவளிடம் நீட்டினாள்.

துடைப்பது. அவளுக்குத் தெரிந்த வேலை.

"பொழைச்சுக்குவானா டாக்டர்?" என்று கணவன் கேட்டான்.

"மொகத்தப் பாத்தா பொழைச்சுக்குவான்னுதான் தோணுது. ஆனா இப்பவே ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெளிய சூடு எறங்கிட்டாலும் உள்ள கிட்னி, ரத்தம் எல்லாம் ஒரு நாள் கழிச்சுக்கூட வேலையக் காட்டும். இங்கயே இருக்கட்டும். அவன் யூரின் போகணும். அதுவும் தெளிவாப் போகணும். அதுவரைக்கும் எனக்கும் நிம்மதி இல்ல, உங்களுக்கும் இல்ல."

காத்திருக்கிற கூடத்தில் ஒரு நீளமான பெஞ்சு. கணவனும் அவளும் உட்கார்ந்தார்கள். இருவர் உடம்பிலும் மினுக்குத்தூள். எதிரே கிளிக்கூண்டை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் இவர்களை நாடகக் கம்பெனி ஆட்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் சிரிக்கிறான்னு நினைச்சேன்," என்றான் கணவன். கொஞ்சம் கழித்து மறுபடி, "நாள் பூரா பாக்கறதுதானே என் வேலை. நான் பாக்கலியே," என்றான்.

அவள் ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதுவும் ஒரு டச்சப் ஆகிவிடும் என்று தோன்றியது.

"நான் பாத்தேன்," என்றாள். "நாக்கு கறுத்துக்கிட்டே வந்துது. விளக்குதான் கோளாறுன்னு நான் சிவப்பக் குறைச்சுக்கிட்டே இருந்தேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு மினுக்கை எடுத்துவிட்டான்.

ஸ்டூடியோவின் வெளிக் கண்ணாடியில் அவளுடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மணமான புதிதில் அவன் எடுத்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி சிரிப்பு வருகிற மாதிரி எடுங்கள் என்று உள்ளே வருவார்கள். அந்தப் படம் இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்த ஷோகேஸ் படம் எடுத்த அன்னைக்கு எனக்கு நல்ல ஜுரம்," என்றாள்.

"எந்தப் படம்? அந்தச் சிரிக்கிற படமா?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அப்படியே, அப்படியேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நல்லா வந்திருக்குன்னு நானும் நின்னுட்டேன்."

கிளிக்கூண்டிலிருந்து கிளி, "வா வா," என்றது. பெரியவர் அதை அதட்டினார்.

மாலை வெயில் தணிகிற நேரத்தில், உள்ளேயிருந்து டாக்டரின் பெரிய குரல் கேட்டது. "வாங்க, வாங்க, ஓடி வாங்க!"

இருவரும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

கம்பளி எழுந்து நின்றுகொண்டிருந்தான். குளித்து எழுந்த கோழி மாதிரி, முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி நாயாக மெலிந்து தெரிந்தான். டாக்டரின் மேசைக் காலில் ஒரு காலைத் தூக்கி, நிதானமாக, நெடுநேரம், தெளிவாகப் போய்க்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா நெறத்த? தண்ணி மாதிரி! என் புது மேஜை போனாப் போகுது!" டாக்டர் கை தட்டினாள்.

கணவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு நாய் மூத்திரம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் வேறெங்காவது இருக்குமா? போனில் செய்தியைக் கேட்ட வாலு, "ஐயோ அண்ணி, வீடியோ எடுத்தீங்களா?" என்று கத்தினாள். கத்தியது கூடத்திலிருந்த கிளிக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்த பிறகு அவனை வீட்டுக்கு விட்டார்கள்.

"இந்த முடிதானே டாக்டர் எல்லாத்துக்கும் காரணம்? மொட்டை அடிச்சிடலாமா?" என்று கணவன் கேட்டான்.

"முடி மேல ஏன் பழியப் போடறீங்க? அது பிளாஸ்க் மாதிரிங்க. குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். வழிச்சு எடுத்தா தோலு நேரா வெந்துபோகும், மறுபடி முடியும் ஒழுங்கா மொளைக்காது. உள்ள உதிர்ந்து கெடக்கிற பஞ்ச மட்டும் சீப்பால வாரி எடுங்க, காத்து போகும். விடியக்காலைல நடத்துங்க. தண்ணி கூடவே இருக்கணும். காத்து இல்லாத ரூமுல அடைச்சு வைக்காதீங்க, விளக்கடியில உக்கார வைக்கவே வைக்காதீங்க. ஒரு தடவ விழுந்தவன் அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் விழுவான்." டாக்டர் கம்பளியின் தாடையைச் சொறிந்தாள். "நமக்கு வேர்வை ஒடம்பு பூரா. இவனுக்குச் சூடு வெளிய போக ஒரே ஒரு வாய்க்கா, இந்த நாக்குதான். அகலத் திறந்து வெச்சிருந்தா, முடியல, முடியலன்னு சொல்றான்னு அர்த்தம்."

அன்று முதல் அந்த வீட்டில் ஒரு சொல் காணாமல் போனது. மாடிப்படி ஏறி வந்த கம்பளியைப் பார்த்து வாலு, "ரொம்பச் சிரி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப இரைக்குது அவனுக்கு," என்றாள். அவர்கள் தினமும் அவனை வாரினார்கள். வாரிய பஞ்சு ஒரு கூடை சேர்ந்தது. "அடுத்த தடவ பனி கேட்டா இத விரிச்சிடலாம்ணே," என்றாள் வாலு. அண்ணன்காரன் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.

ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் அம்மா படம் தேர்ந்தெடுக்க வந்தாள். வந்ததும் முதல் வேலையாக மேசைக்கு அடியில் குனிந்து கம்பளியைப் பார்த்தாள். ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். "நல்லாயிட்டான்ல? எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை, மேடம். சாமி, நம்ம போட்டோ மோகத்துல ஒரு உசுரு போகப் பாத்துதேன்னு." உண்மையாகவே சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அந்த நான்காவது முனையைப் பிடித்தவள் அவள்தான் என்பதை இவளும் மறக்கவில்லை.

கணவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். அவள் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளினாள். முதல் படத்தில் கம்பளி வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, குழந்தையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை அவன் காதைப் பிடித்திருந்தது. அடுத்தது. அடுத்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இதுதான்!" என்றாள் குழந்தையின் அம்மா.

குழந்தை இரண்டு கையையும் தூக்கியிருந்தது. பக்கத்தில் கம்பளியின் வாய் காதுவரை திறந்திருந்தது. கண்கள் கண்ணாடிக் குண்டுகள். விழுவதற்கு முன்னால் எடுத்த கடைசிப் படம்.

"என்னமா சிரிக்குதுங்க ரெண்டும்! இதையே பெருசாப் போட்டு ஹால்ல மாட்டப் போறேன். நாக்கு மட்டும் கொஞ்சம் கறுப்பாத் தெரியுது பாருங்க, அத ரோஸ் ஆக்கிடுங்க மேடம். அந்த எச்சிலையும் எடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே உங்களுக்கு?"

கணவன் அவளைப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால், 'ஆமா, உடனே பண்ணிடுவா' என்று அவனே சொல்லியிருப்பான். இன்றைக்கு அவன் சொல்லவில்லை. சொல்லாமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பைக் குறைக்கிற அந்தச் சின்னக் கட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. விரலுக்கு வழி தெரியும். காலடியில் கம்பளி புரண்டு படுத்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்த பாதம் அவளுடைய கணுக்காலில் ஜில்லென்று பட்டது.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாதுங்க," என்றாள். "ஆனா இத நான் பண்ணலை."

"ஏன் மேடம், அவன்தான் நல்லாயிட்டானே?"

"நல்லாயிட்டான்." அவள் முதல் படத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்தாள். "இத எடுத்துக்கோங்க. பாப்பாவையே பாத்துட்டு இருக்கான்."

"இதுல அவன் சிரிக்கலையே..."

"ஆமா," என்றாள் அவள். மௌஸை விட்டுவிட்டு, கையைக் கீழே தொங்கவிட்டு, கம்பளியின் காதைத் தேடினாள்.